ஒரே அட்டையில் பத்து ஓட்டைகள்

"முதல் துப்பாக்கின்னா கொஞ்சம் செலவு பண்ணணும்மா" என்று கடையிலேயே சொன்னேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் டார்லீன் கேட்கவில்லை. இருநூறு டாலருக்கு, சின்னக் குண்டு போடும் துப்பாக்கி ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"சும்மா குறி அட்டையச் சுடத்தானே அண்ணே. குண்டும் மலிவு."

சனிக்கிழமை காலை, விஸ்கான்சினில் எங்கள் மன்றத்துச் சுடுதளத்தில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்தோம். என்னுடையது இரண்டாயிரம் டாலர் மான் வேட்டைத் துப்பாக்கி. ஆளுக்கு ஐந்து குண்டு சுட்டோம்.

அவள் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. என் அட்டையில் பத்து இருந்தன. ஐந்து நட்டநடுவில், முட்டையளவு வட்டத்துக்குள். மற்ற ஐந்தும் திசைக்கொன்றாகச் சிதறியிருந்தன.

"என் அட்டையப் போய் சுட்டிருக்கியே, டார்லீன். அதையும் கண்டபடி சுட்டிருக்கே" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "மலிவா வாங்கினா இப்படித்தான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சிருங்க அண்ணே. இத வித்துடறேன்."

அட்டையின் கீழே என் பெயரை எழுதி, மன்றத்துச் சுவரில் மாட்டச் சொல்லி, தளத்தைக் கவனிக்கும் எல்மரிடம் நீட்டினேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சிதறிய ஓட்டைகளில் அது சுலபமாக நுழைந்து வெளியே வந்தது. நடுவில் இருந்த ஐந்தில் ஒன்றில்கூட நுழையவில்லை.

"ஹார்லன், உன் மான் குண்டு இவ்வளவு சின்ன ஓட்டையா போடும்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்மர் பென்சிலை என் கையில் வைத்தார். "பேரை மாத்தி எழுதிடு."

எழுதக் குனிந்தபோது டார்லீன் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இத விக்க வேணாமா அண்ணே?"