நீலத் தண்ணீர்

ராசா நகரில் தனியாகத் தங்கியிருந்த நஸ்ருதீன், மூன்று மாதமாக வெள்ளிதோறும் தம்பின் ஊர் எஸ்டேட் வீட்டுக்கு வந்துபோனார். சண்டை மீனின் அழுகிய வாலுக்கு மருந்து போடத்தான். அவர் மனைவி, ஐம்பத்தாறு வயது ஜொஹரா கண்டுபிடித்த சாக்கு அது.

இன்றும் மருந்தைச் சொட்டினார். தொட்டி மை போல நீலமானது.

"ஆறிடுச்சா?"

"இன்னும் இல்லங்க. சிரட்டைக்குள்ள பதுங்கிக் கெடக்கு."

"சரிலா, வரேன்."

அவர் படியிறங்கிச் செருப்பை மாட்டியபோது ஜொஹராவுக்குத் தாங்கவில்லை.

"மீன் செத்து ரெண்டு மாசமாச்சு. நீங்க வரணும்னுதான் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா வெறுந்தண்ணிக்கு மருந்து ஊத்துனீங்க?"

"'போகாதீங்க'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பார்த்தேன்லா."

"தலாக் சொன்னது நீங்க. நீங்கதானே கூப்பிடணும்?"

அவர் சிரித்துவிட்டார். செருப்பைக் கழற்றிப் படியில் கால் வைத்தார். அவர் வாய் திறப்பதற்குள் எஸ்டேட் தொழுகைக்கூடமான சூராவில் அந்தி மஃரிப் பாங்கு ஒலித்தது.

இருவரும் அப்படியே நின்றார்கள். சொன்ன தலாக்கைத் திரும்பப் பெற இருந்த மூன்று மாத இத்தா, அந்தப் பொழுதோடு முடிந்தது.

அந்நியப் பெண்ணின் வீட்டுப் படியிலிருந்து நஸ்ருதீன் மெல்லக் காலை எடுத்தார்.