ஜன்னலில் தெரிந்த வால்

“தொப்பியைப் போட்டுக்கிட்டு அந்தக் கதவு வரைக்கும் ஒரு தடவை நடந்து காட்டுங்க, மேஜர்.”

மேஜர் அனிபால் கியூபாஸ் நடந்து காட்டினார். இருபத்திரண்டு வருட விமானப்படை நடை. கதவருகே போய், சட்டென்று திரும்பி, விறைப்பாக நின்றார்.

“கொஞ்சம் மெதுவா. பின்னாடி யாரோ துரத்துற மாதிரி இருக்கு,” என்றார் செனோரா ஒதிலியா. புதிதாகத் தொடங்கியிருக்கும் ‘நீலப் பெலிகன்’ விமானக் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் அம்மாள் அவர்தான். உள்ளறையில் முதலாளி தோன் எவாரிஸ்தோ போனில் யாரிடமோ, “அடுத்த வாரம் கண்டிப்பா… ஆமா, அடுத்த வாரம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அனிபால் மறுபடி நடந்தார்.

“இது சரி. பார்த்தா எனக்கே நம்பிக்கை வருது.” ஒதிலியா எதையோ குறித்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே, மதில் சுவருக்கு மேலே, ஒரு விமானத்தின் வால் நிமிர்ந்து நின்றது. வெள்ளை வால். அதில் சிறகு விரித்த நீலப் பெலிகன் ஒன்று, பெயின்ட் காயாத பளபளப்போடு. அனிபாலால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு வாலைப் பார்த்து ஒரு மனிதன் இப்படி ஏங்கலாமா என்று கேட்பவர்கள், ஆறு வருடம் பறக்காமல் இருந்து பார்க்க வேண்டும்.

அதுதான் அவர் மறைக்க வந்த விஷயம். ஆறு வருடங்களுக்கு முன் படையில் எரிபொருள் தீர்ந்துபோனது. ஒழுக்கம் தீரவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு அனிபால் முகம் மழித்து, விமானி உடை அணிந்து, ஏணியில் ஏறி, பெல்ட் போட்டு உட்கார்வார். எல்லா விசைகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார். ‘புறப்படத் தயார்’ என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கி வந்து டோமினோ ஆடுவார். சுதந்திர தினத்தன்று மட்டும் விமானங்களை டிராக்டர் கட்டி இழுத்துப் போனார்கள், சத்தத்துக்கு ஒலிபெருக்கி.

காலையில் டை கட்டிவிடும்போதே மனைவி நொயேமி சொல்லியிருந்தாள்: “அவங்க கேட்காததுக்கெல்லாம் பதில் சொல்லித் தொலைக்காத, அனிபால். உனக்கு அந்த வியாதி இருக்கு. இதுவும் போச்சுன்னா எங்க அண்ணனோட ஐஸ் பேக்டரி கேட்டுலதான் நிக்கணும். உன் அளவுக்குக் காக்கிச் சட்டை தச்சே வச்சுட்டான். தினம் அவன் காருக்கு நீ சல்யூட் அடிக்கிறதைப் பார்க்கணும்னு துடிக்கிறான்.”

“அடுத்தது,” என்று ஒதிலியா அவரை உட்காரச் சொல்லி, ஒரு மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். “நேரமாச்சு, விமானம் கிளம்பல. பயணிகளுக்குச் சமாதானம் சொல்லுங்க.”

புயல், எஞ்சின் கோளாறு, ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது என்று ஒரு வாரமாகப் படித்துவிட்டு வந்திருந்த அனிபாலுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. கனைத்துக்கொண்டார்.

“மதிப்பிற்குரிய பயணிகளே, உங்கள் கேப்டன் பேசுகிறேன். சிறு தாமதம். விரைவில் புறப்படுவோம். பொறுமைக்கு நன்றி.”

“நல்ல குரல். இப்போ அதையே மூணாவது தடவையா சொல்லுங்க. ஜனங்க கத்திட்டு இருக்காங்க. ஒரு அம்மா கையில குழந்தை வேற.”

அனிபால் சொன்னார். முன்பைவிட நிதானமாக, முன்பைவிட அன்பாக. படைத் தளத்துக்கு வந்த மந்திரிகளெல்லாம் ‘எப்போ பறப்பீங்க’ என்று கேட்டபோது இதே குரலில்தான் ‘விரைவில்’ என்று சொல்லியிருந்தார். மூன்று மந்திரிகள் நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள்.

“அந்தக் குழந்தைகூட தூங்கிடும்,” என்றார் ஒதிலியா. “பொறுமை எப்படி? சீட்டை விட்டு எழுந்திருக்காம எவ்வளவு நேரம் உட்காருவீங்க?”

“ஒரு தடவை ஒன்பது மணி நேரம், செனோரா.”

அது உண்மை. அன்று ஏணியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.

“எஞ்சின் கோளாறு பத்தியெல்லாம் எதுவும் கேட்கலையே,” என்று அனிபாலே ஆரம்பித்தார். வியாதி.

“அதுக்கு இன்னும் காலம் இருக்கு, மேஜர். கடைசியா ஒண்ணு. நீங்க தரையை விட்டு மேல ஏறி எவ்வளவு நாள் ஆச்சு?”

அனிபாலின் கண்முன் ஐஸ் பேக்டரி கேட் திறந்து மூடியது. காக்கிச் சட்டைக்குப் பித்தளைப் பொத்தான்கூட இருந்தது. ‘போன வாரம்’ என்று சொல்லிவிட வாயெடுத்தார். கண் ஜன்னலுக்குப் போனது. அந்தப் பெலிகனுக்கு முன்னால் பொய் வரவில்லை.

“ஆறு வருஷம், செனோரா.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். டிராக்டரைச் சொன்னார். ஒலிபெருக்கியைச் சொன்னார். ஏணியையும் சொன்னார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“மன்னிச்சுடுங்க. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்.”

“உட்காருங்க,” என்ற ஒதிலியா, உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “தோன் எவாரிஸ்தோ, போனை வைங்க. ஆள் கிடைச்சாச்சு. இதுக்கு முன்னாடி வந்த பதினோரு பேரும், பறக்கணும் பறக்கணும்னு உயிரை எடுத்தாங்க.”

அனிபாலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒதிலியா ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கே வந்து சேந்துக்குங்க, கேப்டன். டிக்கெட் எல்லாம் வித்துத் தீர்ந்துடுச்சு. விமானத்துல இதுவரைக்கும் அந்த வால் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கு.”