மிக்சி ஓடினால் யோசிக்காது

"மிக்சியை நிறுத்தும்மா! அவன் யோசிச்சுக்கிட்டிருக்கான்!"

விஞ்ஞானி முன்னறையிலிருந்து போட்ட கூச்சலில் சமையலறை மிக்சி கப்சிப்பென்று நின்றது. சற்று நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் கறுப்புக் குதிரை துள்ளி வந்து அவருடைய ராணியை வெட்டிச் சாய்த்தது. ராணியைப் பறிகொடுத்த மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

பார்க்கப்போனால் அவர் விஞ்ஞானியெல்லாம் இல்லை. மருந்துக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்ப்பவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் புரோகிராம் எழுத உட்கார்ந்துவிடுவதால், மனைவியின் தம்பி வைத்த பட்டப்பெயர் அது. அதுவே நிலைத்துவிட்டது.

அவர் எழுதிவந்தது தானாகவே செஸ் ஆடும் ஒரு புரோகிராம். அதன் வளர்ச்சியைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி, பிள்ளை பெற்ற தாய் கணக்காக விடாமல் பதிவு போட்டுக்கொண்டிருந்தார். அதைப் படிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒரு விரல் அவருடையது.

ஆரம்பத்தில் அந்தப் புரோகிராம் சரியான மக்கு. கேட்காமலேயே ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கும். ஒரு நாள் மைத்துனன் அதோடு ஆடிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், இது உங்களை மாதிரியே ரொம்ப நல்லவனா இருக்கு. எதைக் கேட்டாலும் கொடுத்துடுது!"

விஞ்ஞானிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "புரோகிராம்களுக்குள்ள போட்டி ஒண்ணு வருது. அதுல இவன் மானத்தை வாங்கினான்னா, கம்ப்யூட்டரைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். அப்புறம் ஒரு வரி எழுதினா ஏன்னு கேளு!" என்று கத்திவிட்டார்.

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. நாளெல்லாம் அடுத்தவர் கணக்கைப் பார்க்கிற மனுஷனுக்கு, தனக்கென்று இருந்தது அந்தச் சாயங்கால வேளை ஒன்றுதான். அது போனால் என்ன செய்வதென்று அவருக்கே தெரியவில்லை. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை மூடி வைத்தாள்.

மறுநாளே புரோகிராமின் மூளைப் பகுதியை அடியோடு மாற்றி எழுதினார். என்ன ஆச்சரியம்! பயல் பிய்த்து உதற ஆரம்பித்துவிட்டான். அவரை அடித்தான், அலுவலகத்து நண்பரை அடித்தான். கடைசியில், கேலி செய்த மைத்துனனையே மூலையில் முடக்கி மண்ணைக் கவ்வ வைத்தான்.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "சின்ன வயசுல இதே மாதிரி யார்கிட்டயோ செமத்தியா வாங்கியிருக்கேன் அத்தான்."

"தோத்தவன் பேச்சு வேற எப்படி இருக்கும்?" என்று விஞ்ஞானி தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஒரே ஒரு கோளாறுதான் மிச்சம். மிக்சி ஓடினால் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். காலிங் பெல் அடித்தாலும் அதே கதை. 'கரண்டில் ஏற்ற இறக்கம் இருக்கிறது. எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன்' என்று பதிவு போட்டார். ஸ்டெபிலைசர் மாட்டினார், பிளக்கை மாற்றினார், எலக்ட்ரீஷியனை வரவழைத்து வயரிங்கையே நோண்டினார். எலக்ட்ரீஷியன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். "போட்டி நடக்கிற இடத்துல மிக்சி ஏது?" என்று கடைசியில் தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொண்டார்.

போட்டி நாள் வந்தது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். தோளில் கைப்பை, கையில் சமையலறையில் கிடக்கும் பழைய லேப்டாப்.

"நீ எங்கேம்மா கிளம்பிட்டே?"

"நானும் வரேங்க."

"அங்கே வந்து கொட்டாவி விடவா? உனக்கு ஒண்ணும் புரியாதும்மா. நீ நிம்மதியா வீட்டுல மிக்சி போடு. இன்னிக்கு ஒருத்தன் நிறுத்தச் சொல்ல மாட்டான்."

"அதில்லைங்க..." என்று இழுத்தாள். "நீங்க இதை எழுத ஆரம்பிச்ச புதுசுல, பலகை சரியா வேலை செய்யுதான்னு பார்க்கணும்னு இந்த லேப்டாப்பை உங்க கம்ப்யூட்டரோட இணைச்சு என்கிட்ட கொடுத்தீங்க. 'இதுல பலகை வரும்போதெல்லாம் கம்ப்யூட்டருக்குப் பதிலா நீ ஏதாவது ஒரு காயை நகர்த்திவிடு'ன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"ஆமா, சொன்னேன். அது சும்மா சோதனைக்கு. அப்புறம்தான் மூளை எழுதியாச்சே! அதுக்கென்ன இப்ப? நேரமாகுது, நகரு."

அவள் நகரவில்லை. லேப்டாப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தப்பு செய்துவிட்டவள் மாதிரி மெல்லச் சொன்னாள்.

"பலகை இன்னும் வந்துகிட்டுதாங்க இருக்கு. நீங்க பரண்ல போடறேன்னு சொன்ன பிறகுதான் யோசிச்சு நகர்த்த ஆரம்பிச்சேன்."