அழித்த வரி

“அண்ணாச்சி, இங்கன ஓடி வாங்க! பெர்சிஸ் அழிக்கா!”

அவளோடு வேலை பார்க்கும் பூதலிங்கம் போட்ட கூச்சலில் முதலாளி அம்மையப்பன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு வந்து நின்றார்.

பேட்டையில் நாலு கம்ப்யூட்டரைப் போட்டுக்கொண்டு, மில் இயந்திரங்களுக்காகச் சொந்தமாகக் கெர்னல் எழுதும் துணிச்சலான கம்பெனி அது. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் மற்ற வேலைகளையெல்லாம் கட்டி மேய்க்கும் நிரல். அதுதான் கொஞ்ச நாளாக ஓடி ஓடி உறைந்துபோகிறது. சாயங்காலம் மில்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

கெர்னலுக்குள் இரண்டு பூட்டுகள்; ஒன்றை ஒரு வேலை பிடித்தால், அது விடும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். எந்த வேலையும் வெளிப்பூட்டை முதலில் பிடித்து, அப்புறம்தான் உள்பூட்டைப் பிடிக்க வேண்டும். யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். இரண்டு வேலைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, ‘நீ விடு, நீ விடு’ என்று நிற்கின்றன.

சிக்கிய பகுதிகளை எழுதியது யார் என்று பெயரோடு காட்டும் சோதனை ஒன்றைப் பெர்சிஸ்தான் எழுதியிருந்தாள்; இன்றைக்கு அதை ஓட்டியதும் அவள்தான்.

“யாரு பேருல தப்பு வருதோ, அவிய இன்னைக்கே வீட்டைப் பாத்துப் போகலாம்” என்று அம்மையப்பன் காலையிலேயே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனுஷர்.

“எதைம்மா அழிச்ச?”

பெர்சிஸ் திரையை அணைத்துவிட்டு எழுந்தாள். “ஒரு வரி, அண்ணாச்சி.”

“அவ பேரு இருந்த வரி! வேற யாரு பேரை அழிக்கப் போறா?” என்றான் பூதலிங்கம்.

“தப்பு உன்னதா?”

“என்னதுன்னே வச்சுக்கிடுங்க.”

“வச்சுக்கிடவா? இது என்ன பேச்சு?”

பெர்சிஸ் தயங்கினாள். “போன மாசம் ரிச்சர்ட் பேரு வந்துச்சி. அனுப்பிட்டிய. அன்னையிலேர்ந்து எல்லாரும் பயந்துபோய்ச் சோதனையை அணைச்சிட்டுத்தான் எழுதுதாவ. அதான் இந்தத் தப்பு இவ்வளவு நாளா தெரியல. இன்னொரு ஆளையும் அனுப்புனா, பிறகு ஒருத்தரும் அதைத் தொடமாட்டாவ.”

“நல்லாக் கதை விடுதா!” பூதலிங்கம் சிரித்தான். “யாரையோ காப்பாத்துதாளாம். அண்ணாச்சி, சோதனை தானா எடுத்து வச்ச நகல் பிளாப்பியில கிடக்கு. போட்டுப் பாத்திருவோமா?”

“வேண்டாம் பூதலிங்கம். சொன்னாக் கேளு.”

“பயத்தைப் பாத்தியளா?”

பிளாப்பியைச் செருகினான். திரையைப் போட்டான். இரண்டு வரிகள் வந்தன.

“என் கண்ணாடி சோத்துப் பக்கத்துல கிடக்கு. நீயே வாசிலே, சத்தமா” என்றார் அம்மையப்பன்.

பூதலிங்கம் வாசிக்கவில்லை.

“என்னலே, வாயடைச்சுப் போச்சா? யாரு பேரு?”

“என் பேருதான் அண்ணாச்சி” என்றாள் பெர்சிஸ். “நான் கிளம்புதேன்.”

மேசையிலிருந்த டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அம்மையப்பன் தடுக்கவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, அவளை நிக்கச் சொல்லுங்க. நான் வாசிக்கேன்.” திரையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தான்.

“பூட்டை முறையாப் பிடிச்சது, பெர்சிஸ். மாத்திப் பிடிச்சது... பூதலிங்கம்.”