கண்ணீர்ச் சுழி

குதிரையின் இடது கண்ணுக்குக் கீழே செல்போன் டார்ச்சை அடித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் சுந்தரராஜுலு கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருங்களா நீங்க?" என்று கேட்டார் குதிரைகளைக் கவனித்துக்கொள்ளும் சுப்பையன்.

"மில்லுக்காரன்" என்றார் அவர், திரும்பாமலே.

காரமடையைத் தாண்டி, தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்தப் பண்ணை. ஓடி முடித்த பந்தயக் குதிரைகளை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வந்து கேரட் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகலாம். அவர் மனைவி ராமாமணி வேலியோரம் நின்றிருந்தாள். நடந்தால் சத்தம் கேட்கிற அளவுக்கு மொடமொடவென்ற சேலை.

சுப்பையன் வழக்கமாக ஒப்பிப்பதை ஆரம்பித்தார். "இந்த மான்சூன் மெயில் குதிரைன்னா சும்மாவாங்க. ஊட்டியில ரெண்டு கப்பு, பெங்களூர்ல நாலு, மெட்ராஸ்ல மூணு. கடைசித் திருப்பம் வரைக்கும் அஞ்சாவதா வருவானுங்க. அப்புறம் பார்த்தா..."

"தெரியுமப்பா. ஒவ்வொண்ணும் தெரியும். ஊட்டியில மொதக் கப்பு அடிச்சன்னிக்கு டிவியை அமத்திப்போட்டுப் பட்டினியாப் படுத்தவன் நானு."

"ஏனுங்க, எதுத்த குதிரை மேல கட்டியிருந்தீங்களா?"

"இவனே என் குதிரைதானப்பா."

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு வயதுக் குட்டியாக வாங்கியது. அதற்கு முந்தைய இரண்டு குதிரைகள், எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வந்தே அவருடைய தோட்டத்தைத் தின்று தீர்த்திருந்தன. மூன்றாவதான இவனைப் பழக்கி எடுக்கும் செலவுக்கு, அடகு வைக்க வீட்டுப் பத்திரம் பீரோவிலிருந்து மேசைக்கு வந்திருந்தது.

பெங்களூருக்கு ஏற்றி அனுப்புவதற்கு முன், மயிர்ச்சுழி பார்த்துப் பலன் சொல்லும் நஞ்சுண்டனை வரவழைத்தார். மாடோ குதிரையோ, நஞ்சுண்டன் பார்க்காமல் அந்த வட்டாரத்தில் யாரும் கயிறு மாற்றி வாங்கவோ விற்கவோ மாட்டார்கள். குட்டி உதைக்குமென்று நாலடி தள்ளி நின்றே பார்த்தார் மனிதர். இடது கண்ணுக்குக் கீழே கண்ணீர்ச் சுழி, வெச்சிருக்கறவன் அழுதே தீருவான் என்று சொல்லிவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மறுநாளே குட்டி ஒரு பெங்களூர்க்காரருக்குக் கை மாறியது.

"அம்மணி, உனக்கு ஞாபகமிருக்குதல்ல? சேலைக்குக் கஞ்சி போட்டுட்டிருந்தவ, அந்தக் கையோடயே வந்து குட்டியைப் புடிச்சுட்டு நின்னியே. நீயும் பார்த்தியல்ல சுழியை?"

"பார்த்தேனுங்க" என்றாள் ராமாமணி.

அந்தச் சுழி இன்றைக்கு இருந்தாக வேண்டும். இருந்தால் அவர் தப்பித்த புத்திசாலி. இல்லாவிட்டால் ஒன்பது கோப்பையைக் கையால் தள்ளிவிட்ட கோமாளி. மில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்ட கேலிக்கெல்லாம் அவரிடமிருந்த ஒரே பதில் அதுதான்: 'பொறுங்க, சுழி தன் வேலையைக் காட்டும்.'

"ஏப்பா, அந்தப் பெங்களூர்க்காரர் இப்ப எப்படி இருக்கறாரு? ரொம்பக் கஷ்டமுங்களா?" குரலில் அக்கறையைவிட ஆசை தூக்கலாக இருந்தது.

"அவருக்கென்னங்க குறை? போன மாசங்கூடப் பேரனோட வந்து எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்துட்டுப் போனாருங்க. எப்பவும் சிரிச்ச மூஞ்சி."

சுந்தரராஜுலு டார்ச்சை அணைத்தார். "அப்படின்னா இது அந்தக் குதிரையே இல்ல. எவனோ மாத்திப்போட்டான்."

இத்தனை நேரம் பொறுமையாக இருந்த சுப்பையனுக்கு இது பொறுக்கவில்லை. விறுவிறுவென்று அறைக்குள் போய், ஓரம் நைந்த ஒரு புத்தகத்தோடு வந்தார். "குதிரைக்கும் பாஸ்போர்ட்டு இருக்குதுங்க. பாருங்க."

முதல் பக்கத்தில் குட்டியின் படம் கோட்டில் வரைந்திருந்தது. உடம்பில் எங்கெங்கே சுழி இருக்கிறதோ அங்கெல்லாம் டாக்டர் பெருக்கல் குறி போட்டிருந்தார். நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு. கண்ணுக்குக் கீழே வெறும் வெள்ளைக் காகிதம். தேதி, நஞ்சுண்டன் வந்ததற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால்.

"அடியில இருக்கற கையெழுத்து யாருதுங்க?" என்றார் சுப்பையன்.

சுந்தரராஜுலுவுடையதுதான். நீட்டி முழக்கி, கீழே இரண்டு கோடு இழுத்து.

"வாங்குன சந்தோஷத்துல காட்டுன எடத்துலயெல்லாம் போட்டேன். படத்தையெல்லாம் எவன் பார்த்தான்?" புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவர், மனைவி பக்கம் திரும்பினார். பதினோரு வருடத்து எரிச்சல் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. "அப்ப நஞ்சுண்டன் பார்த்தது என்ன? நீ பார்த்தது என்ன? ஒரு மாசத்துல மொளைச்சு அப்புறம் காணாமப் போறதுக்கு அது என்ன மூஞ்சிப் பருவா?"

குதிரை கழுத்தை நீட்டி ராமாமணியின் முந்தானையைக் கவ்வியது. அவள் பதமாக விடுவித்து, கசங்கின இடத்தை விரலால் நீவி மடிப்பைச் சரிசெய்தாள்.

"கஞ்சி தொட்டுத் திருகி வெச்சது, ஒரு குளிப்பாட்டுக்கு நிக்குமாங்க?"