பச்சைப் புள்ளி

பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிட்டது.

குப்புறப் படுத்துக் கைப்பேசியில் சீட்டாடிக்கொண்டிருந்த இளையவன், அதன் மூலையில் தெரிந்த அலுவலகப் புள்ளியைப் பார்த்துத் துள்ளி எழுந்தான். இங்கே மஞ்சளானால் அலுவலகத்தில் மேலாளரின் திரையிலும் மஞ்சளாகும். போன வருஷம் இரண்டு தடவை ஆனதற்கே, அடுத்த தடவை சீட்டுக் கிழிந்துவிடும் என்று அந்த மனிதர் சொல்லியாயிற்று.

வீட்டிலிருந்தே வேலை. மவுஸ் அசைந்தால் ஆள் உழைக்கிறான் என்று கணக்கு. அதை அசைப்பது யார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

வாரம் முழுக்கச் செய்யச் சொல்லும் வேலையை அவன் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவான். கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல முடியாது. மிச்ச நாளெல்லாம் உழைத்தது அப்பா.

அப்பாவுக்குக் கைநடுக்கம். சும்மா மடியில் கிடந்தாலே வலது கை வெடவெடவென்று ஆடும். இளையவன்தான் வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறான். நான்கு மாதமாக அதற்கும் அடங்கவில்லை.

ஒரு நாள் விளையாட்டாக அந்தக் கைக்கு அடியில் மவுஸை வைத்துப் பார்த்தான். அன்றிலிருந்து புள்ளி பச்சைப்பசேல்.

அப்பாவுக்கும் பெருமைதான். தம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதித் தண்ணீரைச் சட்டைக்குக் கொடுத்துவிடுகிற கை, ஓர் அலுவலகத்தையே ஏமாற்றுகிறது என்றால் சும்மாவா. சிறந்த உழைப்பாளி என்று மகனுக்குப் பாராட்டு வந்தபோது, அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இளையவன் முன்னறைக்கு ஓடினான். தூங்கினால்தான் அந்தக் கை நிற்கும். தூங்கிவிட்டார், இல்லாவிட்டால் அதற்கும் மேலே ஏதோ. இரண்டாவதை நினைத்தபோதும் அவன் கை முதலில் மவுஸுக்குத்தான் போயிற்று.

புள்ளி பச்சையான பிறகுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அப்பா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை. தம்ளரை வைத்துவிட்டு, கையை விரித்து முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். அது சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது.

“நீ தூங்கிட்டிருந்தப்ப அக்கா வந்தாடா. அவளே மாத்திரை வாங்கிட்டு வந்து, அவ கையால குடுத்துட்டுப் போனா. நின்னுடுச்சு பாரு.” பிறகு குரல் இறங்கியது. “உனக்குத்தான் இனிமே கஷ்டம்.”

இளையவன் மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அக்காவை அலைய விடாதீங்கப்பா. எப்பவும் போல நானே குடுக்கறேன்.”

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு பிள்ளை.

அறைக்குப் போய் அவன் இழுப்பறையைத் திறந்தான். அக்கா மாதாமாதம் வாங்கி அனுப்பிய அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியபடி இருந்தன. நல்லவேளை, இந்தப் புது அட்டையில் ஒன்றுதான் குறைந்திருந்தது. அதையும் மேலே வைத்து மூடினான்.

பிறகு சத்து மாத்திரை டப்பாவைத் திறந்து, அப்பாவுக்கு ராத்திரிக்கு ஒன்று எடுத்து வைத்தான்.