சுசு தின்னும் சத்தம்

"கேக்குதா, தோமோயே? சுசுதான். எப்படித் திங்கிறா பாரு!"

இவாவோ பசுவின் வாய்க்கு நேராக செல்போனைப் பிடித்திருந்தார். பசு காய்ந்த புல்லை மென்றது. குஷிரோ நகரத்து ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அவர் மனைவி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கொட்டகை வாசலில் நின்ற பக்கத்துப் பண்ணை மிட்சுயோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனை வைக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏண்ணே, சுசு செத்து ஒரு வாரமாச்சு. இது வேற மாடு. நோயில கிடக்குறவகிட்டயா பொய் சொல்லுவீங்க? மனசாட்சி வேண்டாமா?"

"ம்," என்றார் இவாவோ. அவ்வளவுதான் அந்த மனுஷன் பேச்சு.

சுசுவுக்கு ரத்தத்தில் புற்று. தோமோயேவுக்கு நுரையீரலில். நோய் வந்து உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கு பிரேக் போட்டுவிடுகிறதாம். அந்த பிரேக்கை விடுவிக்கிற ஊசி மனிதர்களுக்கு ஏற்கெனவே உண்டு. மாடுகளுக்கு இப்போதுதான் போட்டுப் பார்க்கிறார்கள். பல்கலைக்கழகத்து மாட்டு டாக்டர் கேட்டதும், "சுசுவுக்குப் போடுங்க," என்று முந்திக்கொண்டவள் தோமோயேதான். இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் முதல் ஊசி.

"அவ பிழைச்சா நானும் பிழைச்சுக்குவேன்," என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

வேறு பண்ணைகளில் சில மாடுகள் தேறிவிட்டன. சுசுவுக்கு நோய் முற்றியிருந்தது. பாவம், தாங்கவில்லை.

மறுநாள் மிட்சுயோ பனியோடு பனியாக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். உண்மையைச் சொல்லாமல் திரும்புவதில்லை என்று முடிவு.

கட்டிலருகே உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் தோமோயேவின் போன் அடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மெல்லும் சத்தத்தைக் கடைசிவரை கேட்டாள்.

"சுசு சாப்பிட்டாச்சுல்ல? இப்ப நீங்க போய்ச் சாப்பிடுங்க. நூடுல்ஸைக் கொதிக்க வச்சு ஏமாத்தக் கூடாது. சோறு வைங்க, மிசோ சூப்பு வைங்க."

போனை வைத்தாள்.

மிட்சுயோவுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அந்த மாடு..."

"சுசு இல்ல. தெரியும். சுசு தின்னு முடிச்சா தொட்டியை நக்கிட்டு, மூக்கால ஒரு இடி இடிப்பா. அந்தச் சத்தம் நின்னு போச்சே."

"தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் கேக்குறீங்க?"

தோமோயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா, அப்புறம் அந்த மனுஷன் ஒரு வாய் சோறு திங்க மாட்டாரு, மிட்சுயோ."